அத்தையை எங்கே இறக்கிவிடுவது

மஞ்சக்குட்டை லைனில் புதிதாக ஜீப் ஓட்ட வந்திருக்கும் தம்பிகளே, நான் ரிட்டயர் ஆகிறேன். வயது இருபத்தொன்பது. சிரிக்காதீர்கள். பத்து வருஷம் இந்த மலை ரோட்டில் ஜீப் ஓட்டினவனுக்கு இடுப்பு எலும்பின் வயது அறுபது. ஐம்பத்தெட்டில் ரிட்டயர் என்கிற பழைய சர்க்கார் கணக்குப்படி பார்த்தால் எனக்கு இரண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் வேறு கொடுத்திருக்கிறார்கள். கல்யாணம் முடிந்து, மாமனார் ஊரான குப்பனூரில் பங்க்சர் கடை வைக்கப் போகிறேன். நீங்கள் கிழிக்கிற டயரெல்லாம் என்னிடம்தான் வரும். ஆகவே பார்த்து ஓட்டுங்கள் என்று உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒரு அவசியமும் கிடையாது.

ஆனாலும் ஸ்டாண்டில் நேற்று எல்லாரும் சேர்ந்து, "அண்ணா, ஏதாச்சும் சொல்லிப்போட்டுப் போங்க" என்றீர்கள். கியர் மாற்றுவதும், பனியில் ஆரன் அடிப்பதும், எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினாலு பேரை அடுக்குவதும் உங்களுக்குத் தானாக வந்துவிடும். அதற்கெல்லாம் நான் காகிதத்தை வீணாக்க மாட்டேன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். இரண்டு தடவையும் அது என்னைப் படிக்கவில்லை. அதனால் நிறைய எழுத வராது. ஒரே ஒரு விஷயம் எழுதுகிறேன். என் அத்தையின் வலது கால்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா, நல்லம்மா. மாமா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகன் செல்வராசு சேலத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறான். அத்தையின் வீடு ரோட்டிலிருந்து அறுபத்து மூன்று படி ஏறினால் வரும். பாறையில் வெட்டின படி. நாயன்மார் கணக்குக்கு வெட்டினார்களோ, பாறை அதோடு தீர்ந்துபோனதோ தெரியாது. வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் காப்பி, நாலு ஆரஞ்சு மரம், ஒரு பலா. எங்கள் வீடு கீழே ரோட்டோரம். அத்தை மேலே நின்று திட்டினால் அது நேராக எங்கள் முற்றத்தில்தான் வந்து விழும்.

போன வருஷம் கார்த்திகையில் அத்தை காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். உயரமான செடியைக் கொக்கிக் கம்பால் வளைத்து, கொக்கியில் கட்டின கயிற்றை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பறிப்பது எங்கள் வழக்கம். ஈரத்தில் கால் வழுக்கிவிட்டது. செடி விருட்டென்று நிமிர்ந்தது. கயிறு காலைச் சுண்டிவிட, அத்தை கீழ்ப் பாத்தியின் கல்கட்டில் போய் விழுந்தாள். தொடை எலும்பு இரண்டு துண்டு.

நான் ஓடிப் போனபோது பத்துப் பேர் சுற்றி நின்று பதினொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் போட்டு நீவ வேண்டும் என்றார் ஒருவர். சீட்டில் உட்காரவைத்து ஓட்டு, அரை மணியில் சேலம் என்றார் இன்னொருவர். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் ஒடிந்த ஆக்சிலை மடக்கி எடுத்துக்கொண்டு போக முடியாது என்பது தெரியும். மிளகு பறிக்கிற ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, அதன்மேல் கம்பளியை மடித்துப் போட்டு, அத்தையைக் கிடத்தி, மூன்று சேலையால் கட்டினோம்.

"டேய், என்னடா பாடையில கட்டற மாதிரி கட்டற?" என்று வலியிலும் கத்தினாள்.

"பாடைன்னா நாலு பேரு போதுமுங்கத்தை. உங்களுக்கு ஆறு பேரு ஆவுது."

அடுத்து எந்த ரோடு என்று சண்டை. குப்பனூர் ரோட்டில் வளைவு குறைச்சல், அப்படியே போ என்று எல்லாரும் சொன்னார்கள். அப்போது அந்த ரோடு முழுக்கக் குழி. நான் கொண்டை ஊசி வளைவு இருபதும் இருக்கிற பெரிய ரோட்டிலேயே இறக்கினேன். வளைவை நாம் மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாம். குழி நம் பேச்சைக் கேட்காது. ஒவ்வொரு வளைவிலும் அத்தை எனக்கு ஒரு புதுப் பேர் வைத்தாள். அடிவாரம் போகும்போது இருபது பேர் சேர்ந்திருந்தது. இந்த இடம் வரைக்கும் நான் செய்ததெல்லாம் சரி. நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், இனிமேல் வருவது அவ்வளவும் நான் செய்த தப்பு.

சேலத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, உள்ளே இரும்புப் பிளேட்டு வைத்து, காலைச் சேர்த்துவிட்டார்கள். அத்தைக்கு நினைவு தெளிந்த அன்றே செல்வராசு கட்டிலோரம் நின்று பேச்சைத் தொடங்கினான்.

"அம்மா, இனி மலை வேண்டாம். பட்டறைக்குப் பக்கத்துலயே ஊடு பாத்திருக்கறேன். ஃபேன் இருக்குது, கொழாத்தண்ணி இருக்குது. அந்தத் தோட்டத்த எவனுக்காச்சும் குத்தகைக்கு உட்டுரலாம்."

அத்தை மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள்.

"நான் நடந்தன்னா என்ற ஊட்டுக்குப் போறேன். நடக்கலீன்னா நீ சொல்ற எடத்துக்கு வாறேன். இதுக்கு மேல பேசாத, எனக்குத் தல சுத்துது. அந்தக் கெரகத்த நிறுத்தச் சொல்லு."

தை மாசம் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். படி ஏற முடியாதே, என்ன செய்வது? என் மூளை வேலை செய்தது. அத்தை வீட்டுப் பின்பக்கம் ஒரு எஸ்டேட் இருக்கிறது. அதற்குள்ளே போகும் மண்பாதை அத்தையின் பின்வாசலை ஒட்டித்தான் போகும். வெளியாள் வண்டி அதில் போகக் கூடாது. எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ரைட்டருக்கு ஆபீஸ் அங்கிருந்து இன்னும் தள்ளி, ரோட்டோரத்தில். அவர் தினமும் என் வண்டியில்தான், முன்சீட்டில்தான் ஏற்காட்டுக்குப் போய் வருவார். அவரை நச்சரித்து கேட் சாவியை வாங்கிவிட்டேன். பின்வாசலுக்கு ஒரு அடி முன்னால் வண்டியை நிறுத்தி, அத்தையைக் குழந்தை மாதிரி தூக்கிக் கட்டிலில் உட்காரவைப்பேன். சேலத்துப் பணக்காரர்களுக்குக்கூட இந்த வசதி கிடையாது.

நாலு நாளில் அத்தைக்கு வீடு அலுத்துவிட்டது. "சொவத்தப் பாத்துப் பாத்து சொவத்துக்கே என்னையப் புடிக்கல" என்றாள். காலை டிரிப்பில் முன்சீட்டில் உட்காரவைத்து ஏற்காடு வரை கூட்டிப்போய் மத்தியானம் திரும்பக் கொண்டுவந்தேன். மறுநாளும் வந்தாள். அதோடு ரைட்டரின் முன்சீட்டு நிரந்தரமாகப் போய்விட்டது. அவர் கோழிக்கூடைகளோடு பின்னால் உட்கார்ந்தார். அத்தை காலை நீட்டிக்கொண்டு சம்பளமில்லாத கண்டக்டர் ஆகிவிட்டாள். "ஏங்கண்ணு, அந்த மூட்டைய மடியில வெய்யி. ஏனுங்க தாத்தா, நேத்து டாக்டரப் பாத்தீங்களா, என்ன சொன்னாரு?" என்று ஆளாளுக்கு விசாரணை. வண்டியில் கூட்டம் கூடியது. என் ஓட்டுதலுக்கு வந்த கூட்டம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாசியில் டாக்டரிடம் காட்டப் போனோம். அவர் அத்தையின் முழங்காலைப் பிடித்து மடக்கப் பார்த்தார். அது துருப்பிடித்த கீல் மாதிரி நின்றது.

"வீட்ல நடக்கறாங்களா?"

"நடக்கவே உடறதில்லீங்க" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. "நாந்தான் தூக்கறேன். வண்டி பின்வாசல் வரைக்கும் போவுமுங்க."

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். பதக்கம் குத்தப் போகிறார் என்று போனேன்.

"எலும்பு நல்லாச் சேந்திருக்கு. இப்ப அந்தம்மாவுக்கு இருக்கற ஒரே வியாதி நீங்கதான். கம்பு ஊனித் தினமும் நடக்கணும், தினமும் கொஞ்சம் கூட. வலிக்கும், கத்துவாங்க, பரவாயில்ல. இப்படியே உட்டா ரெண்டு மாசத்துல முழங்கால் மடங்காமலே போயிரும்."

தம்பிகளே, இது ஜீப்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நமக்குத் தெரிந்த ஒரே உதவி கொண்டுபோய் விடுவது. வாசல் வரைக்கும் விட்டால் பெரிய உதவி. கட்டில் வரைக்கும் விட்டால் தெய்வம். அதில் ஆளின் கால் போய்விடும் என்று யார் நினைப்பார்கள்?

டாக்டர் சொன்னதை அத்தையிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தை "நாளைக்கு" என்பாள். அதைவிட என் குணம் ஒன்று இருக்கிறதே. நேர்வழி இருந்தாலும் குறுக்கு வழியில்தான் புத்தி போகும். அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என் வண்டிக்கு வியாதி வர ஆரம்பித்தது.

முதல் நாள் எஸ்டேட் பாதையில் தண்ணித் தொட்டியருகே நின்றுவிட்டது. "கிளட்ச் சூடாயிருச்சுங்கத்தை. இதுக்கு மேல போனாத் தீப்புடிக்கும்."

தொட்டியிலிருந்து பின்வாசல் முப்பது அடி. அத்தை கம்பை ஊன்றி, என் வம்சத்தை ஏழு தலைமுறைக்குப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு நடந்தாள். அது அவளுடைய வம்சமும்தான் என்பது பாதி தூரத்தில்தான் நினைவு வந்தது. அப்புறம் என்னை மட்டும் தனியாகத் திட்டினாள்.

அடுத்த வாரம் இன்னும் முன்னாலேயே டீசல் தீர்ந்தது. அதற்கடுத்த வாரம் கேட்டிலேயே நின்றோம். "எஸ்டேட்ல கேட்டப் பூட்டிட்டாங்கத்தை. சாவியத் திருப்பி வாங்கிட்டாங்க." சாவி என் டிரவுசர் பையில் இருந்தது. ரைட்டர் பின்சீட்டில் இருந்தார். அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். பாவம், நல்ல மனுசன், வாயைத் திறக்கவில்லை. அத்தை இறங்கி, வண்டியின் பின்பக்கமாக வந்து நின்றாள்.

"ஏனுங்க ரைட்டரே, காலொடிஞ்சவ போற வழிய அடைக்கறீங்களே, நல்லா இருப்பீங்களா? உங்க எஸ்டேட்டுக் காப்பி கசந்து போவட்டுமுங்க!"

"காப்பி கசக்கத்தானுங்கம்மா செய்யும்" என்றார் ரைட்டர், கோழிக்கூடைக்குப் பின்னாலிருந்து.

வண்டியே குலுங்கியது. அத்தை மட்டும் சிரிக்காமல், கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் நுழைந்து, திட்டிக்கொண்டே நடந்தாள். அங்கிருந்து வீடு இருநூறு அடி இருக்கும். நான் வண்டியைத் திருப்பி ரோட்டுக்கு வரும்வரை அவள் குரல் கேட்டது. இப்படியே பத்து நாள். முழங்கால் மடங்க ஆரம்பித்தது. வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் முதலில் என்னைக் கல்நெஞ்சன் என்றார்கள். பிறகு அவர்களே, "இன்னைக்கு என்ன ரிப்பேரு?" என்று காதில் கேட்டார்கள். அத்தை "அம்மா, வலிக்குதே" என்பாள். நான் சிரிப்பேன். வண்டியும் சிரிக்கும். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? டாக்டருக்கு மேல் ஒரு டாக்டர்.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் மழை வந்தது. காப்பி பூக்கிறதற்கு எல்லாரும் காத்திருந்த மழை. வண்டிக்குள் சாரல் அடித்தாலும் ஒருத்தருக்கும் கோபம் வரவில்லை. மழையைப் பற்றியே பேச்சு. கேட்டுக்கு வந்ததும் வழக்கம்போல நிறுத்தினேன். அத்தை இறங்கினாள். என்னைத் திட்டவில்லை. ரைட்டரையும் திட்டவில்லை. கம்பை ஊன்றி நின்றாள்.

"ஏன்டா, இன்னைக்கு அத்தை ஒண்ணுஞ் சொல்லல?" என்றார் ரைட்டர்.

"ஸ்டாக்கு தீந்துருச்சுங்க. நாளைக்கு லோடு வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். வண்டியை எடுத்துவிட்டேன்.

அப்புறம் வாழவந்திக்கு ஒரு டிரிப் அடித்தேன். அங்கே டீ குடித்தேன். மழையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினேன். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கேட்டுப் பக்கம் தற்செயலாகத் திரும்பினேன். அத்தை அங்கேயே இருந்தாள். கேட்டோரக் கல்லில், சேலைத் தலைப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இறங்கின இடத்திலிருந்து நாலு அடிகூட நகர்ந்திருக்கவில்லை.

கையைத் தொட்டேன். நெருப்பு. தொடையில் ஆபரேஷன் செய்த தழும்போரம் வீங்கிப் பளபளத்தது.

"ஏனுங்கத்தை, ஒரு சத்தம் போட்டிருக்கலாமில்ல? ரோட்டுல யாராச்சும் வந்திருப்பாங்களே?"

"மூணு நாளா வலிக்குதுன்னு சொல்லீட்டுத்தான் இருந்தேன். நான் வலிக்குதுன்னா உங்களுக்கெல்லாஞ் சிரிப்பு வருது. அதான் இன்னைக்குச் சொல்லல."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து இறக்கத்தில் விட்டேன். இருபது வளைவு. ஒரு பேர்கூட வைக்கவில்லை. சத்தம் போட்டுக்கொண்டே மேடு ஏறுகிற எஞ்சினைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. சட்டென்று அடங்குகிறதே, அப்போதுதான் பயப்பட வேண்டும். பத்து வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு இது தெரியாதா? தெரியும். வண்டி விஷயத்தில் தெரியும். அத்தை விஷயத்தில் அதையே ஒரு ஜோக்காக்கிவிட்டுப் போய் டீ குடித்தேன்.

உள்ளே சீழ் வைத்திருந்தது. மறுபடி அறுத்துக் கழுவினார்கள். "ரெண்டு நாள் தாண்டியிருந்தா பிளேட்டைக் கழட்டியிருக்கணும். அப்புறம் கால் நின்னிருக்குமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். செல்வராசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிளட்ச், டீசல், டிரவுசர் பைக்குள் இருந்த சாவி, சிரித்தது, எல்லாம். அவன் என்னைத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான்.

"மாப்ள, நீ நல்லதுக்குத்தான் பண்ணுன. ஆனா இதுக்கு மேல முடியாது. அம்மாவ இங்கயே வெச்சுக்கறேன்."

"அதுதானுங்க மச்சான் சரி" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். அத்தை சேலத்துக்குப் போய்விட்டால் என் தலையில் பொறுப்பு இருக்காது. அதற்காகத்தான் சரி என்றேன்.

கதவோரம் நின்றுதான் பேசினோம். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரெண்டு பேரும் உள்ள வாங்கடா."

போனோம்.

"எவ காலப் பத்திப் பேசறீங்க?"

கட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கமாகப் போய் நின்றோம்.

"கால் என்ற கிட்ட இருக்குது. பேச்சு உங்க கிட்ட இருக்குது. ஒருத்தன் எங்கயும் நடக்க வேண்டாம், ஃபேனுக்கடியில உக்காருங்கறான். இன்னொருத்தன் பொய் சொல்லி நடுவழியில எறக்கி உடறான். எவனாச்சும் ஒருத்தன், ஏனம்மா, எங்க எறங்கற, எவ்வளவு தூரம் முடியும்னு கேட்டீங்களா?"

செல்வராசு தரையைப் பார்த்தான். நானும் அதே தரையைத்தான் பார்த்தேன்.

"ஆடி முடியட்டும். அதுக்குள்ள அந்த அறுபத்து மூணு படியையும் எவனுந் தொடாம நான் ஏறீட்டா மலையிலதான் இருப்பேன். இல்லீன்னா நீ கொலுசு செய்யற எடத்துக்கு வந்து உக்காந்துக்கறேன். சம்மதமா?"

செல்வராசு சம்மதித்தான். ஏற முடியாது என்று நினைத்துத்தான் சம்மதித்தான்.

சித்திரைக் கடைசியில் அத்தையை மலைக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டிலேயே தங்கினாள். ஏனென்றால் இந்த முறை எஸ்டேட்டில் கேட்டை நிஜமாகவே பூட்டிவிட்டார்கள். புது மானேஜர் வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு, பக்கத்துச் சந்துக்கும் முள்வேலி போட்டுவிட்டார். ரைட்டர் வருத்தப்பட்டு அத்தையிடம் சொன்னபோது, "இதென்னங்க புதுசாச் சொல்றீங்க? மாசியிலயே பூட்டுனதுதானுங்களே?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன்.

ஆக அத்தை கீழே எங்கள் வாசலில் உட்கார்ந்தால் மேலே தன் வீட்டுப் பூட்டு தெரியும். நடுவில் படி. அவ்வளவுதான் கணக்கு.

முதல் நாள் வண்டியில் ஏறினதும் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. இந்த ரோட்டில் யார் எங்கே இறங்குவார்கள் என்று நமக்கு மனப்பாடம். நாம் யாரையும் கேட்பதே கிடையாது.

"அத்தை, திரும்பி வர்றப்ப எங்க நிறுத்தோணும்?"

யோசித்தாள். "கொழாயடியில நிறுத்து." குழாயடியிலிருந்து எங்கள் வீடு அறுபது அடி. நடந்தாள். இரண்டு நாள் கழித்துப் பாலத்தில் நிறுத்தச் சொன்னாள். ஒரு நாள், "இன்னைக்கு முடியல, வாசல்லயே உடு" என்றாள். விட்டேன். கேலி பேச நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். அதற்கு மறுநாள் பாலத்தையும் தாண்டிச் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தச் சொன்னாள். நான் ஒரு மாசம் பொய் சொல்லி வாங்கின தூரத்தை மூன்று வாரத்தில் தாண்டிவிட்டாள்.

கேலி பேசாமல் இருந்தால் அவளுக்கும் பிடிக்கவில்லை. "என்னடா, ஊமைக் கோட்டான் மாதிரி ஓட்டற? பயமா இருக்குது" என்றாள். அப்போதுதான் ஒரு ஒப்பந்தம் போட்டோம். அவள் என்னை எடுபட்டவனே, நாசமாப் போறவனே என்றால் சாதாரண வலி. நான் சிரிக்கலாம். "சாமி" என்று கூப்பிட்டால் நிஜ வலி. போட்டது போட்டபடி ஓடிவர வேண்டும். ஊரில் எல்லாப் பெரியவர்களும் பிள்ளைகளை ஆசையாகச் சாமி, கண்ணு என்று கூப்பிடுவார்கள். என் ஒருவனுக்குத்தான் அந்த வார்த்தையைக் கேட்டால் கால் தானாக ஓட ஆரம்பிக்கும். ஆனியில் ஒரு தரம் கூப்பிட்டாள். படியில் பத்தாவதோ பதினொன்றாவதோ இருக்கும். வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். தசை பிடித்துக்கொண்டிருந்தது. தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்கிற இடத்தில் அமுக்கிவிட்டு, அவள் எழும்போது எழுந்தேன். அவ்வளவுதான்.

ஆடிப் பதினெட்டுக்குப் பட்டறை லீவு. செல்வராசு காலை பஸ்ஸில் ஏற்காடு வந்து என் வண்டியில் ஏறினான். முன்சீட்டில் அம்மா. பின்னால் அவன், ரைட்டர், சந்தைக்குப் போய்த் திரும்புகிற பத்துப் பன்னிரண்டு பேர், கைக்குழந்தையோடு ஒரு பெண்.

"அத்தை, எங்க நிறுத்தோணும்?"

"என்ற ஊட்டுப் படிக்கிட்ட."

படியடியில் நிறுத்தினேன். பனி கொஞ்சம் விலகியிருந்தது. படி ஈரமாகத்தான் இருந்தது. அத்தை இறங்கி, செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். இடுப்பில் சாவிக்கொத்து இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். ஏற ஆரம்பித்தாள். நல்ல காலை முதலில் வைத்து, கம்பை ஊன்றி, மற்றக் காலைக் கூட இழுத்து வைப்பாள். ஒரு படிக்கு மூன்று வேலை.

"எனக்கு ஆபீஸ் தொறக்கோணும்" என்றார் ரைட்டர். சொல்லிவிட்டு இன்னும் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தார்.

இருபதில் ஒரு தரம் நின்றாள். முப்பத்திரண்டில் ஒரு தரம். நாற்பத்தொன்றில் நின்றவள் நின்றுகொண்டே இருந்தாள். கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போதும் மாப்ள. நான் போய்த் தூக்கறேன்" என்று செல்வராசு இறங்கினான்.

அவன் சட்டையைப் பிடித்தேன். "கூப்புடலீங்களே மச்சான்."

"உளுந்துட்டா?"

விழுந்தால் அந்தப் படியில் பிடிமானம் கிடையாது. முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. ஓடலாமா வேண்டாமா? ஓடிப் போய்ப் பிடித்தால் கால் பிழைக்கும், பந்தயம் போய்விடும், அத்தை சேலத்துக்குப் போவாள். ஓடாமல் இருந்து அவள் விழுந்தால் நான் இந்த மலையிலேயே இருக்க முடியாது. பத்து வருஷத்தில் எத்தனையோ வளைவில் பிரேக் பிடிக்காமல் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் இப்படி இருந்ததில்லை. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "சாமி" என்று வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அத்தை மெதுவாகத் தலையை மட்டும் திருப்பினாள்.

"என்னடா வேடிக்க பாக்கறீங்க, எடுபட்ட பயலுவளா! நின்னு மூச்சு வாங்கக்கூட உடமாட்டீங்களா? அந்தப் பொம்பளையோட கொழந்த அழுவுது, காதுல உளுவுலயா? வண்டிய எடுடா, நாசமாப் போறவனே!"

செல்வராசுவின் சட்டையை விட்டேன். என் கை அதில் ஈரமாக அச்சுப் போட்டிருந்தது.

வண்டியை யாரும் எடுக்க விடவில்லை. ஐம்பதிலிருந்து ரைட்டர் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். அறுபதில் எல்லாரும் எண்ணினார்கள். அறுபத்து மூன்றில் அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூட்டைத் திறக்கிற சத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"செல்வராசு! வண்டியில இருக்கற என்ற பையையும் செருப்பையும் எடுத்துட்டு மேல வா. காப்பி வெக்கறேன்."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினான். வருஷம் முழுக்க உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை வைக்கிறவன். முப்பதாவது படியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

மேலேயிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். "ஏங்கண்ணு, முடியலீன்னா சொல்லீரு. அவன் வந்து தூக்குவான்."

அன்றைக்கு அந்த டிரிப் முக்கால் மணி நேரம் லேட். ஒருத்தரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. செல்வராசு அதற்குப் பிறகு சேலத்து வீட்டைப் பற்றிப் பேசவில்லை. மாசம் ஒரு தரம் அவனே ஏறி வருகிறான். இப்போது நாற்பது வரைக்கும் நிற்காமல் போகிறான்.

இந்த லைனை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன் என்றால் அத்தையையும் சேர்த்துத்தான் விட்டுவிட்டுப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் டிரிப்புக்கு வருவாள். முன்சீட்டு அவளுடையது. ரைட்டர் இப்போது தானாகவே பின்னால் போய்விடுவார். வலது கால் ஒரு விரக்கடை குட்டை, அதனால் ஏறும்போது இடது பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள். மழைநாளில் வலி இருக்கும். அன்றைக்கு வாயை அடக்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். போன வாரம் எங்கே இறங்கினாள் என்பதை வைத்து நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். சொன்ன இடத்தில் நிறுத்துங்கள். ஒரு அடி முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். சரியாக நிறுத்தினாலும் திட்டத்தான் செய்வாள். வாங்கிக்கொள்ளுங்கள், உடம்புக்கு நல்லது.

கைத்தாங்கலாகப் பிடிக்க மட்டும் போகாதீர்கள். அவள் கையில் இருப்பது காப்பிக் கம்பு. ஒடியாது. என் முதுகில் இரண்டு தரம் சோதித்துப் பார்த்தாகிவிட்டது.